பிணவறை ஜன்னலில் ஒரு பாட்டில்

என் கொழுந்தனை இந்த ஊரே குடிகாரன் என்கிறது. கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவனைக் குடிகாரனாக்கியது யார் என்று ஒருவராவது வாயைத் திறக்கிறார்களா?

அவனுக்கு ஆஸ்பத்திரிப் பிணவறையில் வேலை. அறுப்பது, தைப்பது, கழுவுவது எல்லாம் அவன்தான். டாக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவருகே நின்று சொல்வார். இவன் கை வைப்பான். அழுகின உடம்பு வந்தால் முதலில் ஜன்னல் திட்டில் ஒரு பாட்டில் வந்து உட்காரும். யார் வாங்கியது என்று கேட்பார் கிடையாது, அது அங்கே வழக்கம். அவனுக்கு முன்னால் அந்த வேலை பார்த்த என் மாமனாருக்கும் அதே ஜன்னலில்தான் வைத்தார்கள். ஈரல் கெட்டுச் செத்தார். வேறு எவனும் எட்டிப்பார்க்காத வேலை என்பதால் மகன் இவனைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள், பாட்டிலையும் சேர்த்து.

போன மாதம் அவன் ரத்தமாக வாந்தி எடுத்தான். அதே ஆஸ்பத்திரியின் மாடியில் குடிநோய் வார்டு இருக்கிறது. அதைக் கூட்டிப் பெருக்குகிறவள் நான். நானே கொண்டுபோய்ச் சேர்த்தேன். இனி ஒரு சொட்டு உள்ளே போனாலும் உயிர் தங்காது என்றார் டாக்டர். மன உறுதி வேண்டுமாம், பெண்டாட்டி பிள்ளைகளை நினைத்துப் பார்க்க வேண்டுமாம். கீழே கதவருகே நிற்கிறவரும் இதே மனுஷர்தான்! சின்ன ஆஸ்பத்திரி, எல்லாவற்றுக்கும் அவர் ஒருவர். கொழுந்தன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான். பிணவறையில் நாற்றத்தை வெளியே தள்ளுகிற ஃபேன் கெட்டுக் கிடக்கிறது, அதை மாற்றித் தந்தால் குடிக்காமல் சமாளித்துவிடுவேன் என்றான். பார்க்கலாம் என்றார்.

தேறி வேலைக்குத் திரும்பிய அன்றே கிணற்றிலிருந்து எடுத்த உடம்பு ஒன்று வந்தது. ஃபேன் கிடந்தபடியே கிடந்தது. ஜன்னலில் பாட்டில் மட்டும் தவறாமல் இருந்தது. விளக்குமாறும் கையுமாக ஓடிப்போய் அதை எடுத்துச் சாக்கடையில் கவிழ்த்தேன். மாடியில் ஒரு பேச்சு, கீழே ஒரு பேச்சா என்று டாக்டரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

கொழுந்தன்தான் பேசினான்.

"பாட்டில ஊத்திட்டீங்க, சரி அண்ணி. இந்த நாத்தத்த எங்க ஊத்துவீங்க?"

அவன் குடிக்காமலே உள்ளே போனான். போன வேகத்தில் ஓங்கரித்துக்கொண்டு வந்து சுவரைப் பிடித்தான். உடம்புக்காக வாசலில் காத்திருந்த சொந்தக்காரர்கள் சத்தம் போட ஆரம்பித்தார்கள். டாக்டர் காவலாளியைக் கடைக்கு அனுப்பினார்.

ஃபேனுக்கு எத்தனை வருஷமாகக் கேட்கிறோம்! பாட்டிலோ போன காலோடு வந்துவிட்டது. கொழுந்தன் என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டான்.

"சீக்கிரம்ப்பா," என்றார் டாக்டர்.