அம்மா காலில் இருந்த பிளேட்

பிள்ளைகளா, நம் ஆட்டோக் கண்ணாடிக்குப் பக்கத்தில் தொங்கும் இரும்புப் பட்டையைக் கழற்றச் சொல்கிறீர்கள். பள்ளிக்கூடத்தில் 'எலும்பு ஆட்டோ' என்று கேலி செய்கிறார்களாம். கழற்ற மாட்டேன். ஏன் என்று எழுதுகிறேன், படியுங்கள். அப்போது நீங்கள் அத்தை வீட்டில் இருந்தீர்கள். பாதிக் கதைதான் உங்களுக்குத் தெரியும்.

குன்னத்துக்கு அந்தப் பக்கம் வெங்காயம் பிடுங்க ஆள் ஏற்றிப் போன வண்டி சாய்ந்து, உங்கள் அம்மாவுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. பெரம்பலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். எலும்பைச் சேர்த்துப் பிடிக்க உள்ளே வைக்கும் பிளேட்டும் ஸ்க்ரூவும் அங்கே இருக்காது. திருச்சி வியாபாரி ஒருவர் எல்லா அளவும் அடங்கிய பெட்டியைப் பஸ்ஸில் போட்டுவிடுவார். வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்புவார்கள். அதே பெட்டி அடுத்து வேறோர் ஊர் ஆஸ்பத்திரிக்குப் போகும்.

அன்றைக்கு பஸ் தாமதம். டாக்டருக்கு அரியலூரில் இன்னொரு ஆபரேஷன் இருந்தது. "ஆட்டோ வச்சிருக்கீங்கல்ல, நீங்களே போயி வாங்கிட்டு வந்துடுங்க" என்று என்னையே அனுப்பினார்கள். பஸ்ஸில் மீன் கூடைக்கும் கோழித் தீவன மூட்டைக்கும் நடுவில் கிடந்தது பெட்டி. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் கொடுத்துவிட்டு வராந்தாவில் டீயோடு நின்றேன். டீ ஆறுவதற்குள் ஆபரேஷன் தொடங்கியதைக் காட்டும் சிவப்பு விளக்கு வாசலுக்கு மேலே எரிந்தது. சீக்கிரம் முடிந்துவிடும் என்று சந்தோஷப்பட்டேன்.

தையல் பிரிப்பதற்கு முன்பே சீழ் வைத்துவிட்டது. திருச்சியில் பெரிய ஆஸ்பத்திரியில் அந்தப் பிளேட்டை வெளியே எடுத்து என் கையில் கொடுத்தார்கள். பெட்டி வந்த கதையை அங்கிருந்த நர்சம்மாவிடம் சொன்னேன்.

"டீ ஆறுறதுக்குள்ளயா? அதக் கழுவி, காய வச்சு, துணியில சுத்தி, நீராவி மெஷின்ல போட்டு எடுக்கணும்ங்க. மேல ஒட்டுன டேப்புல நீராவிச் சூடு பட்டுக் கறுப்புக் கோடு விழுந்தாத்தான் தியேட்டருக்கே கொண்டுபோவோம்."

பெரம்பலூர் டாக்டரிடம் போய்க் கேட்டேன். "லோஷன்ல முக்கி எடுத்தாப் போதும், எங்க வழக்கம் அதான். உங்க வீட்டம்மாதான் புண்ணுல தண்ணி பட விட்டிருப்பாங்க" என்றார். படித்தவர், தெரியாமல் சொல்வாரா என்று நம்பி வந்துவிட்டேன்.

பிறகு அவருடைய அம்மாவே வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. பெட்டி அதே பஸ்ஸில் வந்தது. எடுத்துவர வாய்த்ததும் என் வண்டிதான். வழியில் ஏரிக்கரையில் நிறுத்தினேன். பெட்டியைத் தண்ணீரில் தள்ளிவிட்டுப் போய்விடலாம் என்று கை அரித்தது. அந்தக் கிழவி எனக்கு என்ன செய்தாள்? கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, அதே வராந்தாவில் டீயோடு நின்றேன்.

டீ முடிந்தது. விளக்கு எரியவில்லை. டாக்டரின் குரல்தான் வெளியே வந்தது.

"நல்லாத் தேச்சுக் கழுவுங்க. டேப்புல கோடு விழாம ஒண்ணையும் உள்ள கொண்டாராதீங்க. லேட்டானா ஆகட்டும், ஆபரேஷன நாளைக்கு வச்சுக்கலாம்."

எல்லாம் தெரிந்திருக்கிறது! தெரிந்தே என் பெண்டாட்டிக்குச் செய்யாமல் விட்டிருக்கிறார். மறுநாளே இந்தப் பிளேட்டைக் கயிற்றில் கோத்து வண்டியில் கட்டினேன்.

"எலுமிச்சம்பழம் கெடைக்கலியா தம்பி, இரும்பக் கட்டியிருக்க?" என்று சவாரி வருபவர்கள் கேட்பார்கள். கதையைச் சொல்வேன். கை கால் முறிந்து வருகிறவர்களோடு நானே அந்த ஆஸ்பத்திரிக்குள் போய், எல்லோர் காதிலும் விழும்படி, "டாக்டரோட அம்மாவுக்குச் செஞ்ச மாதிரியே செய்யுங்க. டேப்பக் காட்டிட்டு உள்ள கொண்டுபோங்க" என்பேன். இப்போது அவர்களே டேப்பைக் காட்டுகிறார்கள். ஊருக்கு நல்லது செய்கிறேன் என்று என்னைப் புகழாதீர்கள். அந்த மனுஷன் முகம் சுருங்குவதைப் பார்க்கத்தான் போகிறேன்.

போன வாரம் டாக்டரே ஆட்டோ ஸ்டாண்டுக்கு வந்தார்.

"அதக் கழட்டிடுங்கண்ணே. இப்பல்லாம் ஒழுங்காத்தான் செய்யறோம்."

"அம்மா நடக்கறாங்களா சார்?"

"கோயிலுக்கெல்லாம் போயிட்டு வராங்க."

"எங்க வூட்ல இன்னும் செவுத்தப் புடிச்சுக்கிட்டுதான் அடுப்பாண்ட போறா. அவ செவுத்துலேருந்து கைய எடுக்கட்டும், அன்னிக்குக் கழட்டுறேன்."

உங்களுக்கும் அதே பதில்தான்.