தங்கைக்கு வேண்டாம் என்று சொன்ன வண்டி

பழைய கார் விற்கும் அந்த இடத்தில் அவரைப் பாலிஷ் என்றுதான் கூப்பிடுவார்கள். மீசை அரும்பும் வயதில் வண்டிகளைத் துடைத்துப் பளபளப்பாக்க வந்தவர், வாய் சாமர்த்தியத்தால் விற்பனைக்கு ஏறிவிட்டார். முன்தலை வழுக்கையான பிறகு பெயர் இன்னும் பொருந்திவிட்டது என்று அவரே சொல்லிச் சிரிப்பார். சொந்தக்காரர்களில் யாரும் அவரைக் கேட்காமல் கார் வாங்கியதில்லை.

அவருடைய தங்கை ஆஸ்பத்திரியில் விபத்துப் பிரிவு நர்ஸ். இரண்டு பிள்ளைகளையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு லாரிகளுக்கு நடுவே போய்வந்தது போதும் என்று முடிவெடுத்து, ஒரு காலையில் வந்து நின்றாள்.

"கலரு, பாட்டு, டிவி மாதிரி ஸ்கிரீன் எதுவும் வேணாம்ணா. இடிச்சா உள்ள இருக்கறவங்க பொழைக்கணும். அவ்வளவுதான். என்னென்ன கோலத்துல கொண்டுவராங்கன்னு தினமும் பாக்கறேன்ல."

"நான் இருக்கறப்ப நீ ஏன் கவலப்படறே? வா."

வரிசையில் முதலாவதாக நின்ற வெள்ளைக் காரில் அவள் நேராகப் போய் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தாள். பாலிஷ் முதலாளியின் கண்ணாடி அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"இது உனக்கு வேணாம்."

"ஏன்? புதுசு மாதிரி இருக்கே."

"முன்னாடி பலமா அடி வாங்கின வண்டி. ஏர்பேக் வெடிச்சிருச்சு. புதுசு போடல, மூடிய மட்டும் ஒட்டி வச்சிருக்கு."

"அப்ப எச்சரிக்கை விளக்கு எரியணுமே?"

"அந்த ஒயரையும் மாத்திக் கட்டியாச்சு. மத்த விளக்கோட சேந்து அதுவும் அணைஞ்சிடும். இதெல்லாம் வெளிய இருக்கறவங்களுக்கு எங்க தெரியப் போவுது?"

சொல்லும்போது அவர் குரலில் பெருமைகூட இருந்தது. அவள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

அடுத்து ஒரு சாம்பல் நிறக் காரைக் காட்டினார். கதவில் நெளிசல், சீட்டில் கறை. ஆனால் அவர் தரையில் படுத்து அடியைப் பார்த்தார், சீட் பெல்ட்டுகளை ஒவ்வொன்றாக வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார், பின்சீட்டில் குழந்தை இருக்கையை மாட்டும் கொக்கிகளைத் தேடிக் காட்டினார். சட்டையெல்லாம் மண். தங்கைக்காக இப்படிப் புரண்டது அவருக்கு மனசு நிறைவாகத்தான் இருந்தது.

அந்த நேரம் ஒரு கணவனும் மனைவியும் உள்ளே வந்தார்கள். மனைவியின் தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. முதலாளி கண்ணாடிக்குள்ளிருந்தே வெள்ளைக் காரை நோக்கி முகவாயை அசைத்தார். பாலிஷ் மண்ணைத் தட்டிக்கொண்டு ஓடினார்.

"நல்ல கண்ணு சார் உங்களுக்கு! ஒருத்தர் கையிலேயே இருந்த வண்டி. ஒரு கீறல் விழுந்ததில்ல. என் சொந்தத் தங்கச்சிக்குன்னாலும் இதத்தான் எடுத்துக் குடுப்பேன்."

வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி நாக்கில் ஊறிப்போன பேச்சு. வாயைவிட்டுப் போன பிறகுதான், தங்கை உட்கார்ந்திருந்த சாம்பல் காரின் கண்ணாடி இறக்கியிருப்பது நினைவுக்கு வந்தது. பிடரி சுட்டது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. தங்கை அவரைத் தாண்டிப் போய் அந்தப் பெண்ணிடம் நின்றாள்.

"நான்தான்மா அந்தத் தங்கச்சி. இந்த வண்டி எனக்கு வேணாம்னு இப்பத்தான் சொன்னாரு. ஏன்னு அவரையே கேளுங்க."

"என்ன சார்?" என்றான் கணவன்.

எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். எத்தனையோ பேரைச் சமாளித்த வாய்தான். அவர் டயரைப் பார்த்துக்கொண்டு, "ஏர்பேக் இல்ல சார்" என்றார்.

அந்தப் பெண் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள். காரை விட்டு அல்ல, அவரை விட்டு.

முதலாளி அன்றே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார். அவர் திட்டியது எதுவும் பாலிஷின் காதில் ஏறவில்லை. தெருவில் தங்கை ஸ்கூட்டரை நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"இதுக்கு முன்னாடியும் இப்படி வித்திருக்கியாண்ணா?"

"நான் விக்கலன்னா வேற யாராவது..." என்று ஆரம்பித்தவர் பாதியில் விழுங்கினார்.

"எங்க வார்டுக்கு வந்தாங்களோ என்னவோ" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். யோசித்துப் பார்ப்பவள் போலச் சொன்னாள்.

வாங்கியவர்களின் முகம் மறப்பவர் அல்ல பாலிஷ். மறுநாள் முதல் வேலையாக, சிவப்புக் கார் வாங்கிய தையல்காரப் பெண்ணின் கடைக்குப் போனார்.

"வாங்கண்ணா! வண்டி தங்கமா ஓடுது" என்று துணிகளை ஒதுக்கி நாற்காலி போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு எப்படிச் சொல்வது என்று தெரியாமல், டம்ளரைக் கையில் வைத்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். தையல் மிஷின் நின்றது.

"என் பையன் முன்சீட்லதான் உக்காருவான்" என்றாள்.

"வண்டிய எடுக்காதீங்கம்மா. நானே புதுசு போட்டுச் சரி பண்ணித் தரேன். என்னை நம்புங்க."

"அன்னிக்கும் இதே மாதிரிதான் பேசுனீங்க."

சாவியை அவள் அவரிடம் கொடுக்கவில்லை. தன் தம்பியை வரச்சொல்லி, அவனே மெக்கானிக் ஷெட்டுக்கு ஓட்டிப் போக, பாலிஷ் பஸ்ஸில் பின்னால் போனார். தன் சொந்தக் காரை விற்றுத்தான் வேலையை முடித்தார். மெக்கானிக் ஒவ்வொன்றாகக் கழற்றிக் காட்ட, தம்பி கூடவே நின்று பார்த்தான். பாலிஷை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

இன்னொருவர் விஷயம் கேட்டதும் கதவைச் சாத்திக்கொண்டார். நீலக் கார் வாங்கிய குடும்பம் வீடு மாறிப் போயிருந்தது. எங்கே என்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. சிக்னலில் நீல வண்டி ஏதாவது நின்றால் பாலிஷ் இன்றைக்கும் குனிந்து உள்ளே பார்க்கிறார். உள்ளே இருப்பவர்கள் முறைக்கிறார்கள்.

தங்கை சில மாதம் கழித்து வேறெங்கோ கார் வாங்கினாள். அண்ணனைக் கேட்கவில்லை. வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோதுதான் அவருக்குத் தெரிந்தது. ஏதாவது கேட்க வாயெடுத்தார். "எல்லாம் செக் பண்ணியாச்சுண்ணா" என்றாள் அவள், மரியாதையாக. "சரிம்மா" என்றார்.