சைக்கிளுக்கு ஹெல்மெட், லாரிக்கு என்ன?

கை முறிந்து, புத்தூர் கட்டோடு நான் வீட்டில் கிடந்த நாட்களில் எல்லோரும் என் தலையைப் பற்றித்தான் பேசினார்கள்.

குடிபாலா பக்கத்து எங்கள் ஊரிலிருந்து பெருஞ்சாலை ஓரமாக சைக்கிள் மிதித்தால், மாநில எல்லையைத் தாண்டியதும் புதிதாக வந்த ஷூ கம்பெனி. அங்கே மெஷினில் தோல் தைக்கிற வேலை எனக்கு. பின்னால் லாரி ஹாரன் அடித்தால் சைக்கிள்காரர்கள் தாரை விட்டு மண்ணில் இறங்கிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் இது யாரும் எழுதிவைக்காத சட்டம். அப்படி மரியாதையாக இறங்கிய ஒரு நாள்தான் ஜல்லியில் சக்கரம் சறுக்கி விழுந்தேன். லாரி நிற்கவே இல்லை.

பெங்களூரில் கார் ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன் என்னைப் பார்க்க வந்தபோது ஒரு ஹெல்மெட் வாங்கி வந்தான். சைக்கிளுக்கென்றே செய்தது, காற்றுப் போக அங்கங்கே ஓட்டை. அங்கே தொப்பை கரைக்க சைக்கிள் விடுகிறவர்கள்கூட இதைப் போடுகிறார்களாம். இதைப் போட்டால் வேலைக்குப் போகட்டும், இல்லாவிட்டால் வேண்டாம் என்றான். நைனாவுக்கு அதுவும் சரிப்படவில்லை. ஒரு தொப்பியை நம்பிப் பெண்ணை அனுப்ப முடியாது, சைக்கிளை விற்றுவிடலாம் என்றார்.

"கை ஒடஞ்சா கட்டறதுக்குப் புத்தூரு கீது. தல ஒடஞ்சா எந்த ஊருக்கு இட்டுகினு போறது?"

நைனா கேட்டது நியாயம்தான். ஆனால் ஷிப்ட் நேரத்துக்கு எங்கள் ஊரில் பஸ் கிடையாது. சைக்கிள் போனால் வேலை போகும், வேலை போனால் மறுநாளே மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தலை என்னுடையது, ஹெல்மெட் போட எனக்கென்ன கசப்பா? விழுந்தவளுக்குத் தொப்பி போடு, சைக்கிளை விற்றுவிடு, வீட்டில் உட்கார வை என்று இத்தனை யோசனை சொன்னவர்களில் ஒருவர்கூட, லாரி மெதுவாகப் போகட்டும் என்று சொல்லவில்லை.

"ஹெல்மெட் போட்டுக்கினு போறேன். சைக்கிள மட்டும் வுட மாட்டேன்" என்றேன். நைனா எழுந்து வெளியே போனார்.

கட்டு அவிழ்த்து, கை தேறியதும் கிளம்பினேன். தெருவே சிரித்தது. ராக்கெட் விடப் போகிறாயா என்று கேட்டார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று மிதித்தேன்.

பெருஞ்சாலையில் ஏறிக் கொஞ்ச தூரம்கூடப் போயிருக்க மாட்டேன், பின்னால் ஹாரன் அலறியது. பயம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனாலும் மண்ணில் இறங்கவில்லை. தாரின் இடது ஓரத்திலேயே நேராகப் போனேன். லாரி வேகம் குறைந்து பக்கத்தில் வந்தது. கிளீனர் ஜன்னலில் தலையை நீட்டி, ரோடு உன் அப்பன் சொத்தா என்று தெலுங்கில் கத்தினான்.

"ஆமா. எங்க நைனா போட்ட ரோடுதான். நீ சுத்திக்கினு போ" என்று தமிழிலேயே சொன்னேன்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. இந்தச் சாலையை அகலப்படுத்தியபோது கொதிக்கிற தாரைக் கூலிக்குச் சுமந்து ஊற்றியவர்களில் அவரும் ஒருவர். தார் தெறித்த தழும்பு அவர் காலில் இன்னும் இருக்கிறது. லாரி சுற்றிக்கொண்டுதான் போனது.