சங்கத்துச் சுவரில் தொங்கிய சேலைகள்

குமாரபாளையத்தில் எங்கள் நெசவாளர் சங்கத்தின் முதல் கூட்டத்துக்குத் தலைவர் வந்திருந்தார். எழுத்தராக நான் இருந்தேன். சேர வேண்டிய நெசவாளர்கள் மட்டும் உள்ளே இல்லை. எல்லாரும் தெருவில் நின்றார்கள். போதிய ஆட்கள் சேராவிட்டால் சங்கமும் இல்லை, என் வேலையும் இல்லை.

அறையை அலங்கரித்தவன் நான்தான். உயரமான மேசை, குறுக்கே மரத்தடுப்பு, சுவரில் இங்கிலாந்து சக்கரவர்த்தி படம். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் அல்லவா? சர்க்கார் அலுவலகமான தாலுகா கச்சேரி போல இருந்தால்தான் மதிப்பு என்று நினைத்தேன்.

வெளியே நின்றவர்களில் என் அப்பாவும் ஒருவர். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கியிருந்தார்.

"உள்ள வாங்கப்பா."

"இருக்கட்டும் சாமி. கச்சேரிக்குள்ள நமக்கென்ன வேலை?"

பெற்ற மகன் முன்னால் அந்தத் துண்டு இறங்கியதை என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாளே தலைவரிடம் கேட்டு மேசையையும் தடுப்பையும் அகற்றினேன். வெள்ளையடித்துப் பாய் விரித்தேன். வீடு வீடாகப் போய் அவரவர் நெய்த சேலையை இரவல் வாங்கி வந்து சுவரெங்கும் தொங்கவிட்டேன்.

அடுத்த கூட்டத்தன்று அப்பா வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். "எம்பட சேலைய ஏன் இருட்டு மூலையில போட்டிருக்கற?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்துவிட்டார்.

"கரை கோணலா இருக்குதுங்க, அதான் உங்க பையன் மறைச்சிருக்கறான்!" என்று பக்கத்து வீட்டுக்காரர் பின்னாலேயே வந்தார். வம்பளந்தபடி எல்லாரும் பாயில் உட்கார்ந்தார்கள். அப்பாவின் துண்டு தோளிலேயே கிடந்தது.

அன்றே போதிய ஆட்கள் சேர்ந்தார்கள். மனிதனை வெளியே நிறுத்துவதும் உள்ளே உட்காரவைப்பதும் அறைதான் என்று கண்டுகொண்டேன். சுண்ணாம்பு, ஆணி, பாய் எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆன செலவு இரண்டே கால் ரூபாய்.