நாற்பத்தேழாவது முகவரி

இது நிஜமாக நடந்தது. யாரோ சொல்லிக் கேட்டதல்ல, என் கண்ணால் பார்த்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், எனக்கு அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. இத்தனை வருடம் இதை எழுதாமல் இருந்ததற்கு ஒரே ஒரு ஆள்தான் காரணம். அந்த ஆள் இப்போது உயிரோடு இல்லை.

பேய்க் கதை என்றால் நடுராத்திரி, மழை, நாய் ஊளை எல்லாம் வேண்டும் என்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்தது. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. ஆனால் நான் உட்கார்ந்திருந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. அங்கே பகலும் இரவும் ஒன்றுதான்.

இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. கைப்பேசி பணக்காரர் கையில் மட்டும் இருந்த காலம். கம்பெனி கம்பெனியாகப் போய் நெட்வொர்க் போட்டுக் கொடுப்பது என் தொழில். அதில் ஒரு கம்பெனி, எட்டு அறைகள் கொண்ட குளிர்பதனக் கிடங்கு. மீனும் இறைச்சியும் மைனஸ் பதினெட்டில் கல்லாக உறைந்து கிடக்கும். என்னை அங்கே அறிமுகம் செய்துவைத்ததே என் அண்ணன்தான். அங்கே சரக்கு ஏற்றி இறக்கும் ஆட்களுக்கு அவன் சூப்பர்வைசர். நான் அவனைவிட ஒரு சாண் உயரம். ஆனாலும் அவனுக்கு நான் குள்ளன். சின்ன வயதில் வைத்த பெயர். உலகத்தில் வேறு யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பதினோரு மாதத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, வேலைக்குப் போன அண்ணன் வீடு திரும்பவில்லை.

கிடங்கில் நுழையும்போதும் வெளியேறும்போதும் கேட்டில் அட்டையைத் தேய்க்க வேண்டும். அவன் அட்டைக்கு நேரே 'உள்ளே 08:51, வெளியே 18:02' என்று இருந்தது. போலீஸ் அதைப் பார்த்ததோடு சரி. "எங்க கேட்ட விட்டு வெளிய போன ஆளுக்கு நாங்க என்ன பண்ண முடியும்?" என்று கை விரித்தார் மேனேஜர். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? எவளோடோ ஓடிப்போய்விட்டான் என்றார்கள். அண்ணி வாழ்கிறவளா, அறுத்தவளா என்று அவளுக்கே தெரியாமல் பதினோரு மாதம் போனது.

"அவரு வெளிய போனாருன்னு எழுதியிருக்காமே தம்பி, அத ஒரு தடவ நான் கண்ணால பாக்கணும். பாத்துட்டேன்னா மனச தேத்திக்குவேன்" என்பாள். கம்பெனி அவளுக்குக் காட்டவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மேனேஜர் கூப்பிட்டார். கேட் பட்டியலை ஆபீசில் எந்த மேஜையிலிருந்தும் பார்க்க வேண்டுமாம். அதற்கு அவர்களுடைய பழைய நெட்வொர்க் சர்வரில் வெப் சர்வர் என்ற புரோகிராமைப் போட வேண்டும். மறுபேச்சு பேசாமல் ஒப்புக்கொண்டேன். வேலை முடிந்ததும் அந்த வெள்ளிக்கிழமைப் பக்கத்தை ஒரு தாளில் அச்செடுத்து அண்ணி கையில் கொடுத்துவிட வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அந்தச் சர்வர் பழைய காலத்து ஆசாமி. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. மவுஸ்கூடக் கிடையாது. ஏறு என்று கட்டளை கொடுத்தால் ஒரு புரோகிராம் ஏறும், இறங்கு என்றால் இறங்கும். கோபம் வந்தால் மாமியார் மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும், என்ன குறை என்று வாய் திறந்து சொல்லாது. 12:40-க்கு வெப் சர்வரை ஏற்றினேன். ஏறவில்லை. அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது, அமைப்புக் கோப்பில் ஒரு எண்ணைத் தப்பாக அடித்திருக்கிறேன். 1:10-க்கு ஏறியது. என் மடிக்கணினியில் முகவரியைத் தட்டினேன். பட்டியல் அழகாக வந்து நின்றது.

சோதனைக்காக இரண்டு ஏற்பாடு செய்திருந்தேன். யார் எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் அந்த நேரம், கேட்ட கணினியின் முகவரி எண், கேட்ட பக்கம் மூன்றும் சர்வர் திரையில் ஒரு வரியாக ஓட வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் ஒரு பீப் சத்தம் வர வேண்டும். பட்டியலில் எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று பிரிக்கச் சோம்பல்பட்டு, இருக்கிற கட்டங்களை எல்லாம் அப்படியே போட்டுவிட்டேன்.

நான் ஒரு பக்கம் திறந்தேன். பீப். இன்னொன்று. பீப். திருப்தியாக இருந்தது. நாற்காலியில் சாய்ந்து தண்ணீர் குடித்தேன்.

1:22-க்கு ஒரு பீப் வந்தது.

நான் எதையும் தொடவில்லை.

திரையைப் பார்த்தேன். என் மடிக்கணினியின் எண் 12. கடைசி வரியில் 47 என்று இருந்தது. முகப்புப் பக்கத்தைக் கேட்டிருந்தது. கேட்டில் இருந்த வாட்ச்மேனுக்கு இன்டர்காமில் பேசினேன்.

"பெரியவரே, ஆபீஸ்ல யாராவது வந்திருக்காங்களா?"

"ஞாயித்துக்கிழமை யாரு தம்பி வரப்போறா? உள்ள நீங்க, கேட்ல நான். ரெண்டே பேரு."

என் நோட்டைப் புரட்டினேன். 47 என்றால் ஏழாம் அறை. உள்பக்கச் சுவரில் இருக்கும் கணினி.

"ஏழாம் ரூம் மெஷின் ஓடுதா பாருங்களேன்."

"ஏழா?" என்றார். "அது கோர்ட்டு சீல் வெச்ச ரூமாச்சே. ரெண்டு வியாபாரிக்குள்ள கேஸு, சரக்கு யாருதுன்னு. போன வருஷத்துலேர்ந்து பூட்டிக் கெடக்கு. சரக்கு கெடக்கூடாதுன்னு குளுரு மட்டும் ஓடுது. அதுல இருந்த மெஷின சீலுக்கு மொத நாளே கழட்டி ஸ்டோர்ல போட்டாச்சு."

பீப்.

1:26. எண் 47. பட்டியல் பக்கம்.

பீப்.

1:29. எண் 47. பட்டியலில் ஒரே ஒரு அட்டையின் வரி. அட்டை எண் 212.

212 என் அண்ணனுடைய எண்.

வேறு ஏதாவது கணினிக்கு இந்த எண்ணைத் தப்பாகக் கொடுத்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாய்விட்டே சொன்னேன் என்று நினைக்கிறேன். அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது.

வெப் சர்வருக்கு ஒரு குணம் உண்டு. இல்லாத பக்கத்தைக் கேட்டால் 'இல்லை' என்று பதில் சொல்லும். கேட்டதை எழுத்துப் பிசகாமல் குறித்தும் வைக்கும். இப்போது 47 இல்லாத பக்கங்களைக் கேட்க ஆரம்பித்தது. ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ்...

1:31:07. கதவு.

பதில்: இல்லை.

1:33:50. மணி அடிக்கல.

பதில்: இல்லை.

குளிர் அறை ஒவ்வொன்றிலும் உள்ளே ஒரு மணி இருக்கும். தெரியாமல் யாராவது மாட்டிக்கொண்டால் இழுத்து அடிக்க.

எழுந்தேன். எல்லா அறைகளின் வயரும் இந்தச் சுவரில் இருந்த பெட்டிக்குத்தான் வரும். பிடுங்கிவிட்டால் தீர்ந்தது. '47' என்று நானே சீட்டு ஒட்டிய வயரைத் தேடினேன்.

கிடைத்தது.

அது எதிலும் செருகப்படவில்லை. தலை அறுந்த மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. மேலே தூசி.

கையில் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பீப்.

1:41:22. கை மரத்துப்போச்சு.

பதில்: இல்லை.

ஒவ்வொன்றுக்கும் என் சர்வர் மரியாதையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. நான் ஏற்றியது. நான் ஓடவிட்டது. ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் அண்ணி கேட்ட தாள் இன்னும் என் கையில் இல்லை. உட்கார்ந்து அந்த வெள்ளிக்கிழமைப் பக்கத்தைத் திறந்து 212-ஐத் தேடினேன்.

உள்ளே 08:51. வெளியே 18:02.

கேட் திரையில் அவ்வளவுதான் தெரியும். நான் சோம்பல்பட்டு மறைக்காமல் விட்ட நாலாவது கட்டம் இங்கே பக்கத்திலேயே இருந்தது. வெளியே போனதைப் பதிந்தது யார் என்று சொல்லும் கட்டம். அன்று வேலைக்கு வந்த மற்ற அறுபத்து மூன்று பேருக்கும் அதில் 'கேட்' என்று இருந்தது.

அண்ணனுக்கு நேரே என் பெயர் இருந்தது.

இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். போகும்போது அட்டையைத் தேய்க்க மறக்கிறவர்கள் தினமும் ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள். 'உள்ளே' எண்ணிக்கை பூஜ்யம் ஆகாமல் கேட்டைப் பூட்டக் கூடாது. அதனால் வாட்ச்மேன் என் ஆபீசுக்குப் போன் போடுவார். "தம்பி, ஒண்ணு நிக்குது. சைபர் ஆக்கிடுங்க." நான் தொலைபேசி லைன் வழியாகக் கிடங்கின் சர்வருக்குள் போய், நிற்கிற எண்ணை 'வெளியே' என்று மாற்றுவேன். தினமும் இதே வேலைதான். அந்தக் கணக்கு என் கையில் இருப்பது அண்ணனுக்கும் தெரியும். எந்த எண், யாருடைய எண் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

அந்த வெள்ளிக்கிழமைப் போன் அப்போதுதான் ஞாபகம் வந்தது. "சீக்கிரம் தம்பி, சீல் வைக்க வந்தவங்க காத்துட்டு நிக்கறாங்க." ஒரு கையில் டீ இருந்தது. மற்ற கையால் தட்டினேன். சீல் வைக்க வந்தவர்கள் உள்ளே ஆள் இருக்கிறதா என்றுதான் கேட்டிருப்பார்கள். திரை பூஜ்யம் காட்டியது.

அண்ணன் வெளியே போகவே இல்லை.

பீப்.

1:58:16.

குள்ளா.

பதில்: இல்லை.

என் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையா, அலறலா தெரியாது. 'இறங்கு' என்று கட்டளை கொடுத்தேன். இரண்டு தடவை தப்பாக அடித்தேன். மூன்றாவது தடவை வெப் சர்வர் இறங்கியது. திரை கறுப்பானது.

இனி வரி எழுதவும் பீப் அடிக்கவும் அங்கே எந்தப் புரோகிராமும் இல்லை.

பீப்.

ஒரே ஒரு தடவை.

ஏழாம் அறைக்கு ஓடினேன். என் சத்தம் கேட்டு வாட்ச்மேனும் ஓடிவந்தார். கதவின் குறுக்கே இரும்புப் பட்டை, பூட்டு, அரக்கு. எதிலும் ஒரு கீறல்கூட இல்லை. கதவு ஒரு சாண் கனம். காதை வைத்தேன். குளிர்தான் காதைச் சுட்டது.

"அன்னைக்குப் போன் பண்ணது நீங்களா பெரியவரே?"

"என்னைக்கு தம்பி? தினமும்தான பண்றேன்."

மேனேஜர் வீட்டுக்கே போய்க் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். "கோர்ட்டு சீல். உங்க கம்ப்யூட்டர் பீப் அடிச்சதுன்னு ஒடச்சா நான் உள்ள போவேன்" என்றார். போலீசுக்கும் போனேன். வெளியே போனதாகப் பட்டியல் இருக்கிறதே என்றார்கள். கோர்ட் உத்தரவு வாங்கி அந்தக் கதவைத் திறக்க இருபத்து மூன்று நாள் ஆனது.

அண்ணன் கதவுக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தான். சீல் வைக்குமுன் கடைசியாகப் பெட்டிகளை எண்ணப் போயிருக்க வேண்டும். உள்ளே இருந்த மணி கெட்டுப்போய் அதற்கு முன்பே ஆறு மாதம் ஆகியிருந்தது. அந்த வெள்ளிக்கிழமை ராத்திரியையே தாண்டியிருக்க மாட்டான் என்றார் டாக்டர். சுவரில் கணினி இருந்த இடத்தில் நாலு ஆணித் துளைகள் மட்டும் இருந்தன.

கதவின் உள்பக்கத் தகட்டில் பெல்ட் பக்கிளால் கீறி எழுதியிருந்தான். போலீஸ் எடுத்த படத்தை எங்களிடம் காட்டினார்கள். முதல் நாலு வரி நான் ஏற்கெனவே படித்தவை. அதே வார்த்தைகள். அதே வரிசை. கதவு. மணி அடிக்கல. கை மரத்துப்போச்சு. குள்ளா.

கீழே ஐந்தாவதாக ஒரு வரி இருந்தது. எழுத்துகள் சரிந்து, கடைசியில் கீறல் மட்டும் நீண்டு போயிருந்தது.

ஒரு ஆள் கணக்கு இடிக்கும். நீ கண்டுபிடிச்சிடுவ.

நாலாவது கட்டத்தைப் பற்றி அண்ணி உயிரோடு இருந்தவரை நான் வாய் திறக்கவில்லை. அன்று அவள் அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாள்.

"கடைசி மூச்சு வரைக்கும் உங்களத்தான் தம்பி நம்பியிருக்காரு."