மாமா வளர்த்த புழுக்கள்

என் மாமாவுக்குப் பெண் கிடைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. நாமக்கல்லைச் சுற்றி எந்த ஊருக்குப் போனாலும், தோட்டம் துரவு இருந்தும் முப்பத்தைந்தைத் தாண்டிக் கல்யாணமாகாமல் நிற்கும் மாப்பிள்ளைகளை வரிசையாக நிறுத்தலாம். ஆனால் அந்த வரிசையில் வீட்டுக்குள் புழு வளர்த்தவர் என் மாமா ஒருவராகத்தான் இருப்பார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. தாய் தகப்பன் போன பிறகு எங்கள் வீட்டோடு வந்துவிட்டவர். ரிக் லாரியோடு வடக்கே போய்க் கொஞ்ச காலம் போர்வெல் போட்டுவிட்டு, இடுப்பு பிடித்துக்கொண்டு ஊர் திரும்பியிருந்தார். படுத்தபடி செல்போனில் எதையெதையோ பார்த்ததில் இந்த யோசனை பிறந்தது. குருவி வளர்க்கிறவர்களும் மீன் வளர்க்கிறவர்களும் தீனிக்கு எங்கே போவார்கள்? எங்கிருந்தோ ஒரு டப்பா புழு வாங்கி வந்தார். அப்பா முட்டை லாரி ஓட்டியதால் முட்டை அட்டைக்குப் பஞ்சமில்லை. பிளாஸ்டிக் தட்டுகளில் கோதுமைத் தவிட்டைப் பரப்பி, ஈரத்துக்குக் கேரட் துண்டு போட்டு, மேலே முட்டை அட்டையைக் கவிழ்த்து வைத்தால் தீர்ந்தது வேலை. உடைத்துப் போட்ட ஈர்க்குச்சித் துண்டு மாதிரி இருக்கும் அந்தப் புழு, தின்று தோலுரித்து, கூட்டுப்புழுவாகி, கடைசியில் கறுப்பு வண்டாகும். வண்டு மறுபடி தவிட்டில் முட்டை வைக்கும். காதைக் கிட்டே வைத்தால் சன்னமாக ஒரு சரசரப்பு கேட்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை எறிந்துவிட்டு அதைக் கேட்கத்தான் நான் ஓடுவேன்.

அம்மா அந்த அறைப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டாள். "ஊருல இருக்கறவனெல்லாம் தவிட்டுல புழு புடிக்காமப் பாத்துக்கறான். இவன் காசு குடுத்து வாங்கி உடறான்" என்று தலையில் அடித்துக்கொள்வாள். அப்பாவோ, "குடிக்காம கொள்ளாம ஊட்டோட கெடக்கறானே, அந்த மட்டுக்கும் சந்தோசப்படு" என்று சொல்லிவிட்டுக் கேரளாவுக்கு வண்டியை எடுத்துவிடுவார். அம்மாவின் கவலை உண்மையில் புழு அல்ல. தனக்குப் பிறகு இவனுக்கு யார் ஒரு வாய் சோறு போடுவார்கள் என்பதுதான். அக்கா மகள் நான் போடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் காதில் வாங்கவில்லை.

அப்போதுதான் பனமரத்துப்பட்டியிலிருந்து ஓர் இடம் வந்தது. ஜாதகம் பொருந்திவிட்டது. அடுத்ததாகப் பெண் வீட்டார் வந்து வீட்டையும் தோட்டத்தையும் பார்க்க வேண்டும். பிடித்திருந்தால் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். பிடிக்கவில்லை என்றால் காப்பியோடு சரி, கை நனைக்க மாட்டார்கள். அம்மா விடிவதற்கு முன்பே வடை, பாயசம் என்று இறங்கிவிட்டாள். புழுத் தட்டுகளை எல்லாம் மாட்டுத் தீவன அறைக்கு மாற்ற வைத்து, தன் பழைய சேலை ஒன்றைத் தூர நின்றே அவற்றின்மேல் வீசினாள். புழு என்று ஒரு சொல் வாயில் வந்தால் தோலை உரித்துவிடுவதாக எனக்குத் தனியாக எச்சரிக்கை.

வந்தவர்கள் கிணற்றைப் பார்த்தார்கள், தென்னையைப் பார்த்தார்கள், திருப்தியாகத்தான் தலையாட்டினார்கள். பெண்ணின் பெரியப்பா மட்டும் ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தார். தீவன அறையில் சேலையை விலக்கி, "இது என்னங்க?" என்றார். மாட்டுக்குத் தவிடு என்றாள் அம்மா. அங்கேதான் அவள் கணக்கு தப்பியது. தவிடு என்று கேள்விப்பட்டும் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்க்காத விவசாயி எங்கள் பக்கத்தில் கிடையாது.

பெரியவர் கத்தவில்லை. உள்ளங்கையில் நெளிவதைப் பார்த்துவிட்டுப் பரிவாகத்தான் சொன்னார்.

"ஏனுங்க, புழு புடிச்சுப் போச்சுங்களே. வெயில்ல கொட்டிக் காய வெச்சீங்கன்னாச் செரியாயிருமுங்க."

அம்மா அவசரமாகத் தலையாட்டினாள். அதோடு முடிந்திருக்கும். மாமாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"தானாப் புடிக்கலீங்க. நாந்தானுங்க வளர்த்தறேன்."

அவசர வேலை இருப்பது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்துவிட்டது. காரில் ஏறப் போய்விட்டார்கள். ஒருத்தி மட்டும் தீவன அறையிலேயே நின்றாள். பெண்ணுக்கு அக்கா. வந்ததிலிருந்து எல்லோருக்கும் பின்னால் நின்றுகொண்டிருந்தவள். தட்டின்மேல் குனிந்து, "இது கடிக்குமா சாமி?" என்று என்னிடம் கேட்டாள். கடிக்காது என்று ஒன்றை எடுத்து அவள் கையில் விட்டேன். உதறிவிடுவாள் என்று நினைத்தேன். அது விரல் விரலாக ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வண்டுத் தட்டையும் காட்டினேன். வெளியே யாரோ அதட்டலாகக் கூப்பிட்டதும், புழுவைத் தவிட்டில் பத்திரமாக விட்டுவிட்டுப் போனாள்.

அன்று முழுக்க அம்மா பாயசத்தைப் பார்த்துப் பார்த்துத் திட்டினாள். "ஆமாங்கன்னு ஒரு வார்த்த சொன்னா உன்ற வாய் வெந்தா போயிரும்?" மாமா தட்டுகளைத் திரும்பத் தூக்கி வந்தபடியே, "பொய் சொல்லிக் கட்டிட்டு வந்தா, பொறவு காலம் பூரா ஒளிச்சு வெக்கோணுமே அக்கா" என்றார். பெண்ணின் அக்காவைப் பற்றியும் பேச்சு வந்தது. புருசன் வீட்டிலிருந்து வந்து வருசக் கணக்காகிறதாம், விவாகரத்தும் எழுதித் தீர்த்தாகிவிட்டதாம், தையல் கடை வைத்துப் பிழைக்கிறதாம். அவளை ஏன் கூட்டிக்கொண்டு வந்தார்கள் என்று அம்மாவுக்கு அதிலும் ஒரு கோபம். அவள் வந்ததில் என்ன தப்பு என்று எனக்கு விளங்கவில்லை. எங்கள் வீட்டுப் புழுவைக் கையில் வாங்கிய முதல் விருந்தாளி அவள்தான்.

கொஞ்ச நாள் கழித்து, ஜாதகத்தோடு போயிருந்த நம்பரைப் பார்த்து மாமாவின் போனுக்கு அவள் கூப்பிட்டாள். லவ் பேர்ட்ஸ் வளர்ப்பதாகவும், தீனிக்கு வாராவாரம் ஒரு டப்பா புழு வேண்டுமென்றும் சொன்னாளாம். மாமா சனிக்கிழமைகளில் சேலத்துக் கடைகளுக்குப் புழு கொண்டுபோவார். நானும் பைக்கில் தொற்றிக்கொள்வேன். அந்த வாரத்திலிருந்து மல்லூரில் ரோட்டை விட்டு இறங்கிப் பனமரத்துப்பட்டி போக ஆரம்பித்தோம். "போற வழிதான" என்பார் மாமா. அது போகிற வழி அல்ல என்பது எனக்கே தெரியும்.

அவள் தையல் கடைக்குள் மாமா போகமாட்டார். எதிரே புளியமரத்தடியில் பைக்கோடு நிற்பார். டப்பாவை நான்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். எனக்குத் தட்டுவடை கிடைக்கும், கூடவே கேள்விகளும். வண்டைத் தனியாக எடுத்து வைக்க வேண்டுமா? கூட்டுப்புழு அசையாமல் கிடந்தால் செத்துவிட்டதாக அர்த்தமா? நான் வாத்தியார் மாதிரி விளக்கிச் சொல்வேன். கடைசியில், "உங்க மாமா சாப்ட்டாங்களா?" என்பாள். ஓடிப்போய் மாமாவிடம் கேட்பேன். "சாப்ட்டேன்னு சொல்லு. அவுங்க சாப்ட்டாங்களான்னு கேளு." மறுபடி ஓடுவேன். இரண்டு பேருக்கும் வாய் இருக்கிறது, கூப்பிட்டால் கேட்கிற தூரம், நடுவில் என் கால்தான் தேய்ந்தது.

ஒரு சனிக்கிழமை வெயிலில் தொண்டை வறண்டு தண்ணீர் கேட்டேன். கடையில் ஆள் இருந்ததால், பின்னால் வீட்டில் போய்க் குடிக்கச் சொன்னாள். போனேன். சொம்பை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். கூண்டு இல்லை. குருவி இல்லை. ஓர் இறகுகூட இல்லை. அலமாரிக்குக் கீழே வரிசையாகத் தட்டுகள். தவிடு, கேரட், முட்டை அட்டை. ஒன்றில் புழு, ஒன்றில் கூட்டுப்புழு, ஒன்றில் வண்டு. நான் சொல்லிக்கொடுத்தபடியே எல்லாம் அச்சாக இருந்தது.

மாமா பிழைப்பில் மண்ணைப் போடப் பார்க்கிறாள். நாளைக்குச் சேலத்துக் கடைகளுக்கு இவளே கொண்டுபோய்ப் போடுவாள். தண்ணீர்கூடக் குடிக்காமல் புளியமரத்துக்கு ஓடினேன்.

"மாமா, அவுங்க ஊட்ல குருவியே இல்லீங்க. நம்ம புழுவ வெச்சு வளர்த்திட்டு இருக்கறாங்க."

மாமா என்னையே பார்த்தார். "ஒண்ணக்கூடத் தீனியாப் போடலியா?"

"போடலீங்க. வண்டே வந்துருச்சு."

சண்டைக்குப் போவார் என்று எதிர்பார்த்தேன். மாமா பைக்கை ஸ்டாண்டு போட்டார். கண்ணாடியில் பார்த்துக் கையாலேயே தலையை வாரிக்கொண்டார். கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். தையல் மிஷின் சத்தம் நின்றது. நான் வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். "கேரட்டக் கொஞ்சம் கம்மியாப் போடுங்க. ஈரம் சேந்தா பூஞ்சை புடிச்சுக்கும்" என்று மாமா சொல்வது கேட்டது. தொழில் ரகசியத்தை எல்லாம் அவர் பங்குக்கு அவரும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றைக்கு நாங்கள் சேலம் போகவேயில்லை. கடைகளுக்கான டப்பாக்களோடு அப்படியே வீடு திரும்பினோம்.

வந்ததும் வராததுமாக அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். தட்டுகள், வண்டு, குருவி இல்லாதது, கேரட் ரகசியம் போனது வரை. அம்மா இரண்டே கேள்விதான் கேட்டாள்.

"உள்ள போனானா?"

"செருப்பக் கழட்டிட்டே போனாரும்மா. காப்பியும் குடிச்சாரு."

"எந்திரிச்சு வரயில சிரிச்சானா?"

சிரித்தார் என்றேன். அம்மா அப்படியே அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். தொழில் கைவிட்டுப் போவதை நினைத்துத்தான் அழுகிறாள் என்று எனக்குப் பட்டது. பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

"அழுவாதம்மா. அவுங்க புழுவ விட நம்ம புழுதான் நல்லாக் கொழுகொழுன்னு இருக்குது."