மூக்கில்லாமல் வறுத்த காப்பி

காய்ச்சல் வந்தது, போனது. போகும்போது என் மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மலேசியாவின் ஸ்கூடாயில் எங்கள் வீட்டுச் சமையலறையில் நான் காப்பிக்கொட்டை வறுக்கும்போது புகை கண்ணுக்குத் தெரியும். வாசனை மட்டும் வராது. சத்தத்தை அடைத்துவிட்டு டிவி பார்ப்பது போல் ஆகிவிட்டது வாழ்க்கை. மல்லிகை, மீன், மனைவியின் கூந்தல், எல்லாம் ஒன்றுதான். திரும்பி வரும் என்றார் டாக்டர். எப்போது என்று கேட்டதற்குச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காப்பி வாசம் ஒன்றாவது கிடைத்துவிடாதா என்ற ஏக்கம் என்னைப் பிடித்துக்கொண்டது. அதுவரை இங்கே ஜொகூரில் விளையும் பெரிய லிபெரிக்கா கொட்டையை மட்டும்தான் வறுப்பேன். ஒரு கொட்டைக்குத் திறக்காத மூக்கு இரண்டு சேர்ந்தால் திறக்காதா என்று நினைத்து, சிறிய அராபிக்காவையும் வாங்கி வந்து ஒரே வாணலியில் கொட்டினேன். பெரிய அறிவாளி அல்லவா!

பாதி கரியாக வந்தது, பாதி வெளிறிப்போய் வந்தது. மனைவி ஒரு மடக்கு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"அலமாக்! ஒரு வாய் கசக்குது, ஒரு வாய் பச்சக் கடலை மாதிரி இருக்கு. என்னாங்க இது?"

"கோப்பிதான்லா," என்றேன்.

"நீங்கதான் சொல்லிக்கணும்."

தீயைக் குறைத்துப் பார்த்தேன். கொட்டையின் அளவைக் குறைத்தேன். கை ஓயும்வரை கிண்டினேன். சனிக்கிழமை தவறாமல் இதே கதை. பழியை அடுப்பின் மேல் போட்டேன், வாணலியின் மேல் போட்டேன், கொட்டை விற்றவர் மேலும் போட்டேன். அவள் மட்டும் திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் குடித்து முடித்தாள்.

ஒரு மத்தியானம் நல்ல மழை. ஜன்னலுக்கு வெளியே சாலையில் கார்கள் நகராமல் நிற்க, அவற்றின் சிவப்பு விளக்குகள் தண்ணீரில் மிதந்தன. நான் பாதித் தூக்கத்தில் இருப்பவனைப் போல் கிண்டிக்கொண்டிருந்தேன். மழை சட்டென்று விட்டது. அந்த அமைதியில்தான் கேட்டது: சின்னக் கொட்டைகள் படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தன. பெரியவை வாயே திறக்கவில்லை. அவை வெடிக்கத் தொடங்கியபோது சின்னவை கருத்துப்போயிருந்தன. இத்தனை காலம் மூக்கை நம்பியே வறுத்தவன், வாணலிக்குக் காது கொடுத்ததே இல்லை.

அடுத்த வாரம் இரண்டையும் தனித்தனியாக வறுத்தேன். அந்தந்தக் கொட்டை வெடித்து ஓய்ந்ததும் இறக்கி, ஆறவிட்டு, அப்புறம்தான் கலந்தேன். எல்லாம் ஒரே பழுப்பு. பார்க்கவே அழகாக இருந்தது. ஆசையாகப் போட்ட காப்பியை மூக்கருகே கொண்டுபோனேன். சூடு தெரிந்தது. வேறொன்றும் இல்லை. சின்னப் பிள்ளை மாதிரி அழுகை வந்தது.

அவள் என் கையிலிருந்து கப்பை வாங்கிக் குடித்தாள்.

"இன்னைக்குச் சரியா வந்துடுச்சுங்க."

"வாசம் எப்படி இருக்கு?"

கண்ணை மூடிக்கொண்டாள்.

"இந்த வீட்டுச் சாவி கெடச்ச அன்னைக்கு, ஒரு சாமானும் வரல, தரையில உக்காந்து கோப்பி குடிச்சோம்ல? புது பெயிண்ட் வாசத்தையும் தாண்டி ஒரு வாசம் வந்துச்சே. அதேதாங்க."

அந்தக் காலி வீடு எனக்குத் தெரிந்தது. சுவரில் சாய்ந்து, காலை நீட்டி அவள் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. மூக்கில் ஒன்றுமில்லை, ஆனாலும் நெஞ்சு நிறைந்துபோனது.

"இன்னொரு தடவ சொல்லு," என்றேன்.